பத்து நிமிடத்தில் அணையும் திரை

கரண்ட் போயிருந்தது. எழுத்து போகவில்லை.

தம்பி வீட்டுக்கு நான் குடிவந்த முதல் மாதம் அது. பகல் வேளை, அவன் வேலைக்குப் போயிருந்தான். நான் கடைசி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்பக்கம் டிவி மாதிரி வீங்கிய திரையோடு, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கறுப்புத் திரை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சொல்: இருக்கேன். வந்த அன்றே என்னடா இது என்று கேட்டேன். "அவ எழுதினது, அக்கா" என்றான். அவள் என்றால் அவன் மனைவி. போய்ச் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது.

அன்றைக்கு மின்விசிறி நின்றது. கரண்ட் போனால் தாங்கட்டும் என்று மேஜைக்கடியில் வைத்திருந்த பேட்டரியும் கீச்சு கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. திரை அணைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், அந்த அணைந்த கண்ணாடிக்குள் அதே இடத்தில் அதே சொல் பழுப்பாக நிற்கிறது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தொலைபேசி நிலையத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள் நான். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் கேலி பண்ணுகிற ஆள். அன்றைக்குக் கேலி எதுவும் வரவில்லை.

தம்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குள் ஓடினான். திரை மறுபடி எரிந்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரே எழுத்து ஒரே இடத்துல ரொம்ப நாள் எரிஞ்சா கண்ணாடியில சூடு போட்ட மாதிரி தங்கிடும். வேற ஒண்ணும் இல்ல, அக்கா."

விளக்கம் புரிந்தது. ஆனால் பயம் புரிந்துகொண்டு போகிற சாமான் இல்லையே. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நுழையும்போது, "வரேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நுழைவேன்.

என் தம்பி பல் செட் செய்கிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் பல் வரிசை கட்டி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றும் பட்டறையில் இவன் மாஸ்டர். நிறம் ஒட்டவில்லை, ஓரம் உறுத்தும் என்று எதையாவது சொல்லி, சொன்ன நாளில் எதையும் கொடுத்ததே கிடையாது. எப்போது கேட்டாலும் "இன்னும் ரெண்டு நாள்." பட்டறையில் அவனுக்குப் பேரே 'ரெண்டு நாள்'தான். டாக்டர்களே போன் போட்டு, "ரெண்டு நாள் இருக்காரா?" என்று கேட்பார்கள். இவனால் ஊரில் எத்தனை பேர் பொக்கை வாயோடு காத்துக் கிடந்தார்களோ!

வீட்டுக்கு வந்தால் இன்னொரு பட்டறை. யுனிக்ஸ் என்று பெரிய கம்ப்யூட்டர்களை ஓட்டும் ஏற்பாடு ஒன்று உண்டாம். அதே மாதிரி ஒன்றைத் தாங்களே ஆசைக்கு எழுதிப் பார்க்கும் இருபது முப்பது பேர் உலகத்தில் அங்கங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். காசு கிடையாது, கைதட்டலும் கிடையாது. அதில் இவனும் ஒருத்தன். படம் கிடம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்குக் கன்சோல் என்று பேர். அது இவன் பொறுப்பு. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், வரிக்கு எத்தனை எழுத்து, என்ன நிறம், சும்மா கிடந்தால் எத்தனை நிமிடத்தில் திரை தானாக அணைய வேண்டும், எல்லாம் இவன் வைப்பதுதான். அடுத்த எழுத்து விழும் இடத்தில் மினுக்கும் கர்சர் கட்டையாக இருக்கலாமா, அடிக்கோடாக இருக்கலாமா என்று முகம் தெரியாத ஒருவனோடு ஒரு மழைக்காலம் முழுக்க மெயிலில் மல்லுக்கட்டினான்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ யோசிக்கலயேடா" என்றேன். அப்போது அவன் மனைவி இருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிறவள். குழாயில் தண்ணீர் வராத ஊர் மொத்தமும் அவளைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டும். "நீங்க திட்டி முடிங்க சார், அப்புறமா புகாரை எழுதிக்கறேன்" என்பாள். எதிர்முனையில் இருப்பவனே சிரித்துவிடுவான். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

கையில் வைத்துத் தமிழில் தட்டுகிற போன்கள் அப்போது எங்களுக்கு எட்டவில்லை. அலுவலகத்தில் கீபோர்டு பழகிய கை அவளுடையது. தம்பி இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். வாசற்படியில் நின்றே படிக்க முடிகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கினான். அவள் தட்டிவிட்டுப் படுத்திருப்பாள். இவன் போகும்போது வரும்போது எட்டிப் பார்த்துப் படிப்பான். தமிழைத்தான் தட்டுவாள், ஆனால் ஆங்கில எழுத்தில். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வேறு யாரோ என் வாயில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் எனக்கே தட்டிக் காட்டினாள்.

அதனால் தம்பி தமிழ் எழுத்தை வரைய உட்கார்ந்தான். அந்தத் திரைக்கு இத்தனை உருவங்கள்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அதை இரட்டிப்பாக்கலாம், ஆனால் பளிச்சென்ற நிறங்களை விட்டுக்கொடுக்க வேண்டும். நிறம் போனால் போகிறது என்று விட்டான். நம் எழுத்து அகலம், ஒரு கட்டத்தில் அடங்காது. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, புள்ளி புள்ளியாக வைத்து ஒட்ட வேண்டும். பல்லைத் தேய்க்கிற அதே புத்திதான் இங்கேயும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து பார்க்கும்போது, "முடிஞ்சுதாடா?" என்பேன்.

"இன்னும் ரெண்டு நாள், அக்கா."

முடித்துக் கொடுத்தான், அவளும் தமிழில் எழுதிவிட்டுப் போனாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். தம்பி மகள் வேறு ஊரில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அவர் வர நாளாகும். அப்பா வந்து கூட இருக்க வேண்டும் என்று தினமும் போன். இவன் தினமும் "பாக்கலாம்மா." இந்தப் பதின்மூன்று வருஷத்தில் ஒரு ராத்திரிகூட இவன் வெளியே தங்கியதில்லை. அந்தத் திரையை விட்டு நகரமாட்டான்.

நான் வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்க வந்தா சந்தோஷம்தான் அத்தை. ஆனா எனக்கு அப்பா வேணும். அம்மா போன அன்னிக்கே அவரும் அந்த ரூமுக்குள்ள போயிட்டாரு. ஒரு தடவையாவது வெளிய வரட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். கனம் என்பதால் பிழைத்தது.

அந்த வாரமே திரை மங்கத் தொடங்கியது. படம் ஓரங்களில் சுருங்கி, எழுத்து நடுங்கியது. தம்பி டிவி மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"டியூப் போற நேரம் சார். இதுக்கு மாத்து எங்கயும் கிடைக்காது. இன்னிக்கோ நாளைக்கோ."

தம்பி வெளியே போய் நின்றான். எழுத்து எப்படிக் கண்ணாடியில் இப்படிப் பதிந்தது என்று மெக்கானிக் என்னிடம் கேட்டார். என் தம்பி மனைவி கடைசியாக எழுதியது, நாலு மாதம் இதில்தான் பேசினாள் என்றேன்.

"நாலு மாசத்துல இப்படிப் பதியாதும்மா. அதுவும் நாலு மாசமும் வேற வேற எழுதியிருப்பாங்க. இது வருஷக்கணக்கா அசையாம எரிஞ்ச எழுத்து."

அவர் போனதும் தம்பியைப் பிடித்து உட்காரவைத்தேன். "பூசி மெழுகாம சொல்லு. அதை எழுதினது யாரு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான்தான். அவ ஒரு எழுத்துகூடத் தமிழ்ல எழுதல. நான்தான் முடிக்கலையே. ஒரு மத்தியானம் பக்கத்து ரூம்ல வரைஞ்சிட்டிருந்தேன். 'றா' சரியா வரல. நடுவுல தண்ணி குடிக்க எழுந்தேன், அவ ரூமை எட்டிப் பாத்தேன். திரை கறுப்பா இருந்தது. ஒண்ணும் தட்டல, தூங்கறான்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா திரை தானா அணையணும்னு வெச்சது நான்தான், அக்கா. கண்ணாடி கெடக்கூடாதுன்னு. சாயங்காலம் போய்ப் பாத்தா அவ இல்ல. சும்மா ஒரு கீயைத் தொட்டேன். திரை எரிஞ்சது. இங்கிலீஷ் எழுத்துல 'இருக்கியா'ன்னு இருந்தது."

அவன் நிமிராமலே தொடர்ந்தான்.

"அப்புறம் உக்காந்து எழுத்தை முடிச்சேன். எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமா? ரெண்டு நாள். நிஜமாவே ரெண்டே நாள். முதல் முதலா தமிழ்ல எழுதினது இதுதான். அவ கேட்டதுக்குப் பதில். அணையற நேரத்தைப் பூஜ்யம்னு வெச்சேன். அப்படி வெச்சா அணையவே அணையாது. இப்ப இது போச்சுன்னா, அவ மறுபடியும் கேட்டுட்டுப் படுத்திருப்பா, நான் மறுபடியும் கதவைச் சாத்திட்டு வந்த மாதிரி ஆயிடும்."

அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் நான் "வரேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவளிடம் இல்லை, இவனிடம். அது உறைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பேய் என்று நான் பயந்தது, என் கூடப் பிறந்தவன் பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பதில்.

அழுது முடித்தால் எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

"உன் பொண்ணும் அதையேதான்டா கேக்கறா. இருக்கியான்னு. அவ உயிரோட கேக்கறா."

அவன் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "இங்க?" என்றான்.

"இங்க நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு."

கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைத் தட்ட வேண்டும் என்று எனக்கு நாலு தரம் சொல்லிக் கொடுத்தான். என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னான். பையைத் தோளில் மாட்டிய பிறகும் அந்த அறை வாசலில் நின்றான். நான் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் விட்டேன்.

அவன் போன நாலாம் நாள், நான் அடுப்படியில் இருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டி ஓடுகிறது, திரையில் வெளிச்சம் இல்லை. அவன் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் செய்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "அவ்ளோதாம்மா" என்று சொல்லிக் காசு வாங்காமல் போனார்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அங்கிருந்தே இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க அவனுக்கு வழி உண்டு. பார்த்திருக்கிறான். பெட்டிக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி ஓடுகிறது. ஆனால் கண்ணாடியில் வெளிச்சம் விழுகிறதா என்பது மட்டும் பெட்டிக்கே தெரியாதாம். அதை ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எரியுதா, அக்கா?"

அவனுக்குப் பின்னால் மகள் எதற்கோ சிரிப்பது கேட்டது. "அப்பா, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றாள். "இரு இரு, வரேன்" என்றான் அவன். அந்தக் குரலில் ஒரு லேசு இருந்தது. நான் அதைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

"எரியுதுடா" என்றேன். "பளிச்சுன்னு எரியுது."

"நல்லா பாத்துச் சொல்லு."

"என் கண்ணுக்கு என்ன கேடு? எரியுது."

நம்பினானா, நம்புவது என்று முடிவு செய்தானா, எனக்குத் தெரியாது.

"அப்ப நான் குழந்தை பொறக்கறவரைக்கும் இருந்துட்டு வரேன். அவகிட்ட சொல்லிடு, அக்கா."

போனை வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனேன். இருட்டியிருந்தது, விளக்கைப் போடவில்லை. பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவன் பொண்ணுகிட்ட இருக்கான்மா, வந்துடுவான் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். பதில் வரும் என்கிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.