சாகாத மீன் கேட்டவர்கள்

சீசாவின் மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டும் கசியவில்லை என்று உறுதியான பிறகுதான் ஜெயசீலி பேனாவை எடுப்பார். லேபிளில் மூன்று வரிகள்: எங்கே பிடித்தது, எந்தத் தேதி, யார் பார்த்தது. மூன்றாவது வரியில் மீனைப் பிடித்தவர் தன் பெயரை எழுதிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்த வேறொருவர் தன் கையால் எழுத வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத நாளில் கரையோரமாகப் போகிற சைக்கிள்காரரை நிறுத்திவிடுவார். "அண்ணே, இது இன்னா மீனு? கெளுத்தின்னு தெரியுதில்ல? அப்ப ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடத்தில் இருபத்துநான்கு வருடமாக உதவியாளர். படிப்பு எட்டாவது. விரல்நுனிகள் ஃபார்மலினில் ஊறி வெளுத்துப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எவ்வளவு பவுடர் போட்டுப் போனாலும், அவர் உட்கார்ந்த வரிசையில் ஓர் இடம் காலியாகவே இருக்கும். "வாசனை எனுக்கே தெரியாது சார். உங்களுக்குத் தெரிஞ்சா தள்ளி ஒக்காருங்க" என்பார்.

கடைசி மேசைக்குப் பின்னால் தட்டு கழுவியபடியே பாடம் கேட்டுக் கேட்டு, எந்தப் பாடத்தில் எந்த மாணவி தடுமாறுவாள் என்பது வரை அவருக்கு அத்துப்படி. ஒருமுறை ஒருத்தி, "வலிமை உள்ளதே பிழைக்கும்" என்று ஒப்பித்தாள். தட்டை ணங்கென்று வைத்தார்.

"வலுவாவது இன்னாவாவது! விராலுக்கு இல்லாத வலுவா? அது எங்க பாப்பா இப்போ?"

அலமாரியைக் காட்டினார். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் 1981-ல் பிடித்தவை இருபத்தாறு வகை மீன்கள், இருபத்தாறு சீசாக்களில். தோல் தொழிற்சாலைகளின் தண்ணீர் வந்து விழத் தொடங்கிய பிறகு அந்த ஓடையில் எஞ்சியிருப்பது ஒரே வகை: கப்பி மீன். அதுவும் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 1992-ல் கொசுவை ஒழிக்க நகராட்சி கொடுத்தது. இருநூறு மீன் வாங்கிவந்து, நூறைக் கல்லூரியின் சிமெண்ட் தொட்டியிலும் நூறை ஓடையிலும் விட்டவர் ஜெயசீலிதான்.

"ஓடையில வுட்டதுல மறுநாளே முக்காவாசி மல்லாந்துச்சு. மிச்சம் இருந்தது குட்டி போட்டுச்சு. அந்தக் குட்டிங்கள்லயும் பாதி போச்சு. தாங்குனது மட்டும் மறுபடி குட்டி போட்டுச்சு. வருசத்துக்கு மூணு தலமொற. தண்ணி ஒண்ணும் நல்லா ஆவல. தாங்காததெல்லாம் செத்து முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்."

இதை இத்தனை தெளிவாகச் சொல்லுகிறவர் 1998-ல் ஒரு தவறு செய்தார். ஓடைக்கரையில் தோல் தொழிற்சாலைகள் புதிதாகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில், சுத்தம் செய்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி மீன் விட்டிருந்தார்கள். மேனேஜர் பார்த்திபன் அதற்கு மீன் கேட்டார். ஓடையில் ஒரு முறை வலையை வீசினால் ஐம்பது வரும் என்று ஜெயசீலி அங்கிருந்தே பிடித்துக் கொடுத்தார். மீன்கள் துள்ளின. 'மீன் வாழும் நீர்' என்று பலகை வைத்தார்கள். சோதிக்க வந்தவர்கள் எழுதிய தாளில், மீனைப் பார்த்த சாட்சி என்ற இடத்தில் ஜெயசீலியையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிடித்தவரும் அவர், பார்த்தவரும் அவர். தன் விதியை அவர் மீறியது அந்த ஒரு நாள்தான்.

தண்ணீர் நல்லது என்று தாள் வந்த மாதமே, அவர் தெருவுக்கு வந்துகொண்டிருந்த குடிநீர் லாரி நின்றது. ஏரிக்குக் கீழே, ஏரித் தண்ணீர் ஊறி நிறையும் ஒரே நல்ல கிணறுதான் இப்போது இரண்டு தெருவுக்கும் கதி. அந்தக் கிணற்றடியில் எதிர்வீட்டு சுகரா பேகம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஒருநாள் தவறாமல் கேட்பார்: "இன்னா ஜெயசீலி, உன் மீனுங்கல்லாம் சௌக்யமா? நாங்கதான் கொஞ்சம் பேஜாரா கீறோம்." ஜெயசீலி குனிந்து கயிற்றை இழுப்பார்.

இந்த வருடம் நிலையத்துத் தண்ணீரை ஏரியிலேயே விட அனுமதி கேட்டிருக்கிறார்கள். சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது பார்த்திபன் ஆளனுப்பினார். கடையில் வாங்கித் தொட்டியில் விட்ட மீன் இரண்டு தடவை செத்துப்போயிற்றாம். போன முறை கொடுத்த மாதிரி சாகாத மீன் வேண்டுமாம்.

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி ஜெயசீலி கத்தினார். "சாகாத மீனு வேணுமாம்! நாளைக்கு சாகாத ஜனங்களா பாத்து ஊர்ல குடிவெய்யின்னு கேப்பானுங்க!"

ஆனால் மீன் கொண்டுபோனார். ஓடையிலிருந்து ஐந்து, சிமெண்ட் தொட்டியிலிருந்து ஐந்து. நான்கு நாளும் இரண்டு வாளிகளில் ஒரே கிணற்றுத் தண்ணீரில் வைத்து, ஒரே தீனி போட்டிருந்தார். சோதனைக்கு வந்த அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்த மேசையில் இரண்டு சீசாக்களை வைத்து, பார்த்திபனின் கண்ணாடித் தொட்டியிலிருந்தே தண்ணீர் மொண்டு நிரப்பி, இதில் ஐந்து, அதில் ஐந்து விட்டார்.

"எங்க காலேஜ் மேடம் சார். டெமோ காட்றாங்க" என்று பார்த்திபன் சிரித்தார்.

ஃபைலைப் புரட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சீசாவில் ஐந்தும் மேலே வந்து கிடந்தன. மற்றதில் ஐந்தும் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தன.

"அது வீக்கு மீனு சார்" என்றார் பார்த்திபன்.

"ரெண்டும் ஒரே மீனோட வம்சம். பாதிய நான் காலேஜ் தொட்டில வுட்டேன், பாதிய உங்க தண்ணில வுட்டேன். பன்னெண்டு வருசமா உங்க தண்ணி கொன்னு கொன்னு மிச்சம் வெச்சதுதான் இந்த அஞ்சு. இதக் காட்டி சர்ட்டிபிகேட் வாங்குறீங்களே, செத்ததுக்கு எங்க சார் போர்டு வெச்சிருக்கீங்க?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்திபன் இன்னொரு டீ சொன்னார்.

ஜெயசீலி செத்த மீன்கள் இருந்த சீசாவின் மூடியை இறுக்கினார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். லேபிளை ஒட்டி, எங்கே என்று எழுதினார். தேதி எழுதினார். மூன்றாவது வரியை விட்டுவிட்டு, சீசாவை அதிகாரியின் ஃபைல் மேல் வைத்து, பேனாவை அவர் பக்கம் நீட்டினார். டீ வந்தது, ஆடை படிந்தது. நீட்டிய கையை ஜெயசீலி மடக்கவில்லை.