போன் கேட்காத கை

பண்டாரவளை பஸ் நிலையத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கம்பளித் தொப்பி, பழைய கோட்டு, காலில் கட்டு, வாய் நிறையச் சிரிப்பு. வந்த தேநீரைப் போனில் படம் பிடித்தார். நீரிழிவுக்காரர்களுக்கான செயலியாம். 'சீனி போடவில்லை' என்று அழுத்தியதும் போன் கைதட்டியது. அவரும் தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு இடது உள்ளங்கையில் கொட்டி வைத்திருந்த சீனியை ஒரு நக்கு நக்கிவிட்டு, தேநீரில் ஒரு மிடறு குடித்தார்.

"ஐயா, அது சீனிதானே?"

"தேத்தண்ணியில சீனி போட்டியான்னுதாங்க போன் கேக்குது. கையைப் பத்திக் கேக்கலையே!"

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து அவருடைய மகள் வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, கைதட்டல் என் போனுக்கும் வந்துச்சு. கால் புண்ணு இன்னும் ஆறல, ஞாபகம் இருக்கா? எங்க, இடது கையைக் காட்டுங்க."

கண் மூடித் திறப்பதற்குள் சீனி முழுவதும் என் உள்ளங்கைக்கு மாறியிருந்தது. அவர் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"பக்கத்துல யாரு? அவங்க கையையும் காட்டச் சொல்லுங்க."

அதற்குள் நான் நக்கி முடித்திருந்தேன். எனக்கும் நீரிழிவு உண்டு. அதை அவர் கேட்கவில்லையே.