நெல்சன் ஊர் நர்ஸ்

லைல் கினாக்கின் எனக்கு அறுநூற்று நாற்பது டாலர் தர வேண்டியிருந்தது. அவன் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய கூலி அது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரு மண்வெட்டியில் தொடங்கி இன்று காசல்கர் ஊரில் மூன்று பொக்லைன் வைத்திருக்கிறேன். கூலியை விட்டுக்கொடுத்து இந்த நிலைக்கு வரவில்லை.

லைல் மர ஆலையில் ரம்பம் தீட்டியவன். ஆலை மூடிய பிறகு அவனிடம் மிஞ்சியது வாய்தான். தூண்டிலில் சிக்காத மீனுக்கு அவன் எடை சொன்னால் கடைக்காரன் நம்பித் தராசை எடுப்பான். அந்த வாய்க்கும் ஒரு வேலை கிடைத்தது. இணையத்தில் கஞ்சா எண்ணெய் விற்கும் ஒரு கடையில், வாங்கியவர்கள் நாலு வரி பாராட்டி எழுதினால் புள்ளி தருவார்கள். புள்ளி சேர்ந்தால் பாட்டில் இலவசம். லைல் பல பெயர்களில் எழுதித் தள்ளினான். கிடைத்த பாட்டில்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஒரு பாட்டிலுக்கு அறுபது கழிச்சுக்க, மைக்."

"நான் மருந்துக்கடையா நடத்துறேன்? காசா கொண்டா."

பாட்டில்களைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றை மட்டும் என் மனைவி பாலி முட்டிவலிக்கென்று வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. அவள் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் லைல் சாப்பிட வந்திருந்தான். பாலி போர்ஷ்ட் சூப்பை ஊற்றும்போது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் பெரிய ரத்தக்கட்டு.

"எங்க இடிச்சுக்கிட்ட?" என்றேன்.

"எங்கயும் இல்ல. காலையில பல்லு விளக்குனதுல இருந்து ஈறுல ரத்தம் வேற. நிக்கவே மாட்டேங்குது."

லைல் நிமிர்ந்தான். "பாலி, அந்த எண்ணெயக் குடிக்கிறியா?"

"ரெண்டு வாரமா. விசாரிக்காம குடிப்பேனா? எந்த மாத்திரையோடயும் சேரும்னு கடைக்காரன் போட்டிருந்தான். அவன் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். அதான் வாங்குனவங்க எழுதுனதப் படிச்சேன். நெல்சன்ல ஒரு நர்ஸ், ரிட்டயர் ஆனவ. அவளுக்கும் என் மாத்திரைதானாம், ஒண்ணுமே ஆகலையாம்."

லைல் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்த நர்ஸ் நான்தான்."

பாலி சிரித்தாள். "வெள்ளைத் தொப்பி உனக்கு எடுப்பா இருக்கும்."

"விளையாடல, பாலி. அந்த மாத்திரை எதுக்குன்னே எனக்குத் தெரியாது. மருந்து பேரு போட்டு எழுதினா ரெட்டைப் புள்ளி."

இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ட்ரெயில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் பனி கொட்டியது. முன்னால் பனி வாரும் வண்டி ஊர்ந்தது. முந்த வழியில்லை. இந்த மலைச்சாலையில் இருபது டன் இயந்திரத்தை இழுத்துப் போனவன் நான். அன்று பனி வண்டிக்குப் பின்னால் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். பாலி வாயில் அழுத்தியிருந்த துண்டு சிவந்துகொண்டே வந்தது.

பின்சீட்டில் இருந்த லைல், எண்ணெய் விற்கும் கடையின் ஆலோசகருக்குக் கைபேசியில் எழுதிக் கேட்டான். உடனே பதில் வந்தது.

"என்ன சொல்றான்?"

"உடம்பு பழகுதாம். பாதி அளவாக் குறைச்சுத் தொடரச் சொல்றான்."

பாலி துண்டை விலக்கினாள். "அவனும் உன்ன மாதிரி ஒரு நர்ஸ்தான் போல."

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் பாட்டிலையும் வாங்கிப் பார்த்தார். அந்த எண்ணெய், அவள் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிட்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார். பாலியை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். விடியும்வரை ஈறில் ரத்தம் நிற்கவில்லை. நான் நாற்காலியை விட்டு எழவும் இல்லை.

லைல் வராந்தாவில் உட்கார்ந்து, நர்ஸ் பெயரில் தான் எழுதியதை நீக்கச் சொல்லிக் கடைக்கு எழுதினான். நல்ல கருத்துகளை நீக்குவதில்லை என்று பதில் வந்தது. இந்த மாத்திரையோடு இதைக் குடிக்காதீர்கள் என்று சொந்தப் பெயரில் எழுதினான். அது கடையின் இணையப் பக்கத்தில் வரவே இல்லை. அடுத்த ஞாயிறு பிரார்த்தனைக் கூடத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னான். கேட்டவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்குப் போய் பாட்டிலைக் கொட்டினார்கள்.

பாலி வீடு திரும்பிய வாரம், படகு மோட்டாரை விற்ற பணத்தோடு லைல் வாசலில் நின்றான். வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். நான் கையை நீட்டினேன்.

"அந்த ஒரு பாட்டிலக் கழிக்கவா?" என்றான் மெதுவாக.

"கழிச்சுத்தான் பாரேன்," என்றேன்.

உள்ளிருந்து பாலி குரல் கொடுத்தாள். "ஒவ்வொண்ணா வைக்கச் சொல்லு மைக். அவன் சொல்ற கணக்க நம்பாத."

லைல் இருபது டாலர் தாள்களை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான், அறுநூற்று நாற்பது வரைக்கும்.