பூட்டியிருந்த ஃப்ரிட்ஜ் லேப்

தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆலோசகர் என்றால், பள்ளிக்கூடமே நம்பாத ஒரு படிப்பைப் பெற்றோரை நம்பவைக்கிற வேலை.

யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அநியாயம் நடந்தது மிதாலிக்கு. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு வங்காள மேல்நிலைப் பள்ளியில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாடத்தைத் தானே கேட்டு வாங்கிச் சேர்ந்தவள். பதினொன்றாம் வகுப்பு முடிந்து பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டது. ஒரு ஃப்ரிட்ஜின் மேல் அவள் கை படவில்லை. படவிடவில்லை. நான் எம்.ஏ. படித்துக்கொண்டே அந்தப் பள்ளிக்கு ஆலோசகராகப் போய்வருகிறேன். எந்தப் பாடம் எடுத்தால் எந்த பாலிடெக்னிக், எந்த வேலை என்று சொல்ல வேண்டும். நீங்களும் கையில் இல்லாத சரக்கை விற்கிற உத்தியோகத்தில் இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மாமியின் சந்தேகம்

காளிகாட்டிலிருந்து ஒரு தமிழ் மாமி, "நம்ம பொண்ணு ஒருத்தி இருக்காளாமே" என்று விசாரித்துக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. நான் மூச்சுவிடாமல் பேசினேன். தொழிற்பாடம் மக்குகளுக்கு என்று யார் சொன்னது? இதை எடுத்தாலும் மேலே படிக்கலாம். கையில் ஒரு தொழிலும் இருக்கும். மாமி தலையை ஆட்டிக்கொண்டே டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டார். கண் மட்டும் என்னை எடை போட்டுக்கொண்டிருந்தது.

பேசி முடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ மட்டும் ஜம்முனு எம்.ஏ. படிச்சிண்டு, என் பிள்ளைய ஸ்க்ரூடிரைவர் பிடிக்கச் சொல்றியே, உங்காத்துல உன்னை ஏன் இதுல சேக்கல?"

இனிப்புக்கடையில் ஒரு நிபந்தனை

மிதாலியின் அப்பா நிமாய் பாபுவுக்கு டாலிகஞ்ச் சந்தொன்றில் இனிப்புக்கடை. நல்ல மார்க் வாங்கிய பெண் சயின்ஸை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் படிப்பில் சேர்ந்ததற்குப் பின்னால் என் சதி ஏதோ இருக்கிறது என்பது அவர் முடிவு. பேசிப் பார்க்கலாம் என்று கடைக்கே போனேன். உள்ளே சுவரோரம் ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. கோடையில் செத்துப்போனதாம். அதற்குள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்.

"துர்கா பூஜைக்குள்ள என் பொண்ணு இதை ஓட வைக்கட்டும். ஓடலைன்னா மறுபடி பதினொண்ணாங் கிளாஸ், காமர்ஸ். டியூஷன் சாரைக்கூடப் பார்த்துப் பேசிட்டேன்" என்றார். ஒரு வருடம் முழுதாகப் போய்விடுமே என்று நான் வாதாட ஆரம்பித்தேன். கையில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைத் திணித்து என் வாயை அடைத்தார். மிதாலி என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாடம் நடக்குதா நாடகம் நடக்குதான்னு என் ஃப்ரிட்ஜ் சொல்லட்டும். நீங்க யாரும் சொல்ல வேண்டாம்!"

இடுப்பில் தொங்கிய சாவி

பாடம் எடுப்பவர் தபன்-தா, அதாவது தபன் அண்ணன். கெட்டவர் இல்லை. கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் ஃப்ரிட்ஜ் வரைவார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. கம்ப்ரஸருக்குச் சிவப்பு, குளிர்க்குழாய்க்கு நீலம். நிஜ ஃப்ரிட்ஜ் இருக்கும் லேபின் சாவி மட்டும் அவர் இடுப்பை விட்டு இறங்காது. லேபில் ஒன்றுமே இல்லையோ, காலிப் பெட்டியை இறக்கிவைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். ஆனால் பிளக் செருகியிருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. யாருமே நுழையாத அறையில் யாருக்காக ஓடுகிறது அது?

விளக்கு ஏன் எரிகிறது, பிள்ளைகளை ஏன் உள்ளே விடுவதில்லை என்று தபன்-தாவிடமே போய்க் கேட்டேன். விளக்கைப் பற்றிய கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டார். மற்றதற்கு மட்டும், டீச்சரம்மாவுக்கான வங்காள மரியாதையோடு, பதில் வந்தது: "ரிப்பேர் தெரியாத பசங்க கைய வெச்சா மிஷின் கெட்டுப் போயிடாதா, திதிமணி?"

ரிப்பேர் தெரிந்தவர்கள் எதற்கு இங்கே சேரப்போகிறார்கள்?

தமிழ் மூக்கு

மழை பிடித்துக்கொண்டது. லேப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வாடை. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். பொர்தியிடம் புகார் செய்தேன். பொர்தி என்றால் பெரியக்கா. எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரே என்னுடன் வந்தார். மூடிய கதவின் முன் நின்று, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார். முகத்தில் ஒரு பரமதிருப்தி. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் தமிழ் மூக்குக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்!"

பழுது எங்கே?

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் சாயங்காலம் ஆசிரியரே ஃப்ரிட்ஜில் ஒரு ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பிள்ளைகள் அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். தபன்-தா இன்னும் ஒரு படி மேலே போய், "தெர்மோஸ்டாட் ஒயர்" என்று விடையையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். தேர்வன்று லேப் திறந்தது. வகுப்பே அதை மனப்பாடம் செய்து வந்து வரிசையாக ஒப்பித்தது. ஒரு பையன் ஃப்ரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிதாலியின் முறை வந்தது. பின்பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் தொட்ட முதல் குழாய் அது. "சார், இதுல பழுதே இல்லை" என்றாள். எடுபிடி வேலைக்காக ஓரமாக நின்ற நான் எட்டிப் பார்த்தேன். தபன்-தா, "மிதாலி, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கண்ணைக் காட்டினார். அவள் யோசிக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டாள். தட்டுத் தட்டாக இலிஷ் மீன், பெயர் எழுதிய பைகளில். மேல் தட்டில் பொர்தியின் பை. இந்தப் பருவம் முழுக்க ஆசிரியர்கள் காலையில் மார்க்கெட்டில் வாங்கிய மீன், பள்ளி விடும்வரை இங்கேதான் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. முந்தின நாள் நல்ல மீன் நிறைய வந்து, ராத்திரியும் உள்ளேயே தங்கிவிட்டதால், ஒயரைக் கழற்ற தபன்-தாவுக்கு மனசு வரவில்லை.

தேர்வாளர் குனிந்து ஒரு மீனை விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பாஸ். மத்தவங்க அடுத்த வாரம் வாங்க. மீன் வேண்டாம்."

கடைசியில் வந்த பதில்

பொர்தியிடம் நான் போட்ட சண்டையை வராந்தா முழுக்க நின்று கேட்டது. பாடத்துக்கு வந்த ஃப்ரிட்ஜ் பாடத்துக்குத்தான் என்றேன். அவர் கூசவில்லை. "சரி, எடுத்துக்கோங்க. மீனை எங்கே வைக்கிறதுன்னு யாராவது சொல்லுங்க" என்றார். அன்றைக்கே பிள்ளைகள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, ஃப்ரிட்ஜை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்கள். மிதாலி மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அப்புறம் அப்பாவின் செத்த ஃப்ரிட்ஜை வேன் ரிக்‌ஷாவில் ஏற்றி லேபுக்கே கொண்டுவந்துவிட்டாள். கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற ரிலே கருகியிருந்தது. மாற்றியதும் உறுமிக்கொண்டு ஓடியது. "உடனே அனுப்ப வேண்டாம், நாலு நாள் ஓடட்டும், டெஸ்ட் பண்ணணும்" என்றார் தபன்-தா. எனக்கு அப்போது சளி, மூக்கு அடைத்திருந்தது. போதாததற்குச் சந்தோஷம் வேறு. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த நாலு நாள் மட்டும் சந்தேகப்பட மறந்துபோனேன்.

பூஜைக்கு ஒரு வாரம் முந்தி வரும் மகாளயாவுக்கு முன்பே ஃப்ரிட்ஜ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நிமாய் பாபு, கையில் ஒரு சந்தேஷ் பெட்டியோடு நேராகப் பொர்தியின் அறைக்கு வந்தார். மிதாலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படிப்பைக் காப்பாற்றிவிட்டோம், பண்டத்தைக் கோட்டைவிட்டோம் என்பதுதான் என் இத்தனை நாள் ஆலோசனையின் சாரம் என்பது, அவர் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தபோது எனக்குத் தெரிந்தது.

"என் பொண்ணு இங்கேயே படிக்கட்டும், காமர்ஸ் வேண்டாம். ஆனா என் சந்தேஷ்ல எப்படி இலிஷ் வாசனை வந்துச்சு? அதை மட்டும் உங்க ஸ்கூல் எனக்குச் சொல்லியாகணும்!"