அண்ணன் உயர்த்திய கை

அண்ணன் நம்மைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னார்கள். "நீதான் வாய் ஓயாமப் பேசுவியே, அதக் கொஞ்சம் எழுதித் தொலை" என்பது அவர்கள் சொன்ன முறை. கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் விடாதவன் நான் என்பது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை நீங்கள் சிரித்து முடித்தபின் நான் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது காளையார்கோவிலில், தாய்மாமா வீட்டில். வளர்ந்தது காரைக்குடி செக்காலையில், எங்கள் அரிசிக் கடையின் மாடியில். அப்பா காலமானபோது அண்ணன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு. காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தவர் பிறகு கல்லூரிப் பக்கம் போகவில்லை. என்னைப் படிக்க வைத்தார். மூன்று ஆண்டுப் படிப்பை நான் ஐந்து ஆண்டுகள் ஆழ்ந்து படித்தேன். பட்டமளிப்புப் படம் என்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது என்னுடையது ஒன்றுதான்.

நெற்குப்பை வரைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனே பைக்கில் போவார். திரும்பும்போது வண்டி காலி. காலி வண்டியில் அண்ணன் வேறு ஆள். பைக் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் அந்தச் சாலையில் அவருக்குப் பின்னால் வந்திருக்கிறார். மாலையில் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, வளைவுல அப்படிச் சாஞ்சு போறீகளே, வண்டியில பிரேக்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு. மூட்டை இருந்தாப் புடிப்பேன்" என்றார் அண்ணன்.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. முப்பத்தைந்து வயதில், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தயத் தடத்தில் ஒரு நாள் பயிற்சி. பிறகு பந்தய லைசென்ஸ். பிறகு யாரோ போட்டுக் கழித்த தோல் உடுப்பு. பழைய பைக் ஒன்றை வாங்கி, விளக்கையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் பட்டறை நண்பர் தயார் செய்து கொடுத்தார். கிளப் பந்தயத்தில் பெரிதாக ஒன்றும் தரமாட்டார்கள். புதியவர்கள் பிரிவில் முதல் மூன்று பேருக்குச் சிறிய கோப்பை, மேடையில் நிற்கவைத்து ஒரு படம். அண்ணனுக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. தமக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அம்மாவிடம் ஆரணிக்கு அரிசி எடுக்கப் போவதாகச் சொல்வோம். இரண்டு வருடம் ஆரணி ஓடியது. ஒரு நாள் தோல் உடுப்பை மொட்டை மாடியில் காயப்போட்டு எடுக்க மறந்துவிட்டேன். அம்மா இறங்கி வந்து நிதானமாகக் கேட்டார்கள்.

"ஏண்டா, ஆரணியில அரிசிச் சாக்குக்குக் கையும் காலும் வச்சுத் தோலுலயா தைக்கிறாக?"

அண்ணன் உண்மையைச் சொன்னார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "விழுந்து கிழுந்து வச்சே, வீட்டுப் படி ஏறாத" என்று அனுமதி கொடுத்தார்கள்.

பந்தயத்தில் என் வேலை பலகை பிடிப்பது. வண்டி கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று சுவருக்கு மேல் பலகையை நீட்டிக் காட்ட வேண்டும். பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். அண்ணன் அதற்கு ஒரு பட்டதாரியை வைத்துக்கொண்டார்.

மூன்றாம் வருடம் அது. எட்டுச் சுற்றுப் பந்தயம். தொடங்குவதற்கு முன் டயர் சூடேற வண்டிகள் ஒரு சுற்று வரும். அது கணக்கில் சேராது. எனக்கும் தெரியும். ஆனால் நம் கடையில் படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்பதில்லை, லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. எதை எண்ணினாலும் என் வாயில் அப்படித்தான் வரும். அன்று வண்டிகள் அந்தச் சூடேற்றும் சுற்றை முடித்துக்கொண்டு வந்து நின்றதும் என் வாய் "லாபம்" என்றது. லாபம் என்று சொல்லி அளந்த படியைக் கடையில் யாரும் திருப்பிக் கொட்டுவதில்லை. நானும் கொட்டவில்லை. பந்தயத்தின் முதல் சுற்று முடிந்ததும் "ரெண்டு" என்றேன்.

ஆறாம் சுற்று முடிந்தபோது அண்ணன் மூன்றாம் இடத்தில் இருந்தார். மிச்சம் இரண்டு. நான் நீட்டிய பலகையில் ஒன்று. அண்ணன் உடம்பில் இருந்ததையெல்லாம் அந்த ஒரு சுற்றில் போட்டு ஓட்டினார். மூன்றாவதாகவே கோட்டைத் தாண்டி, முறுக்கியிருந்த ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, இடது கையை உயர்த்தினார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கொடி ஆடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். விஷயம் புரிந்து மறுபடி முறுக்கி ஆறாவதாக முடித்தார்.

"என்னண்ணே, ஏன் விட்டீக?" என்று பட்டறை நண்பர் ஓடி வந்தார்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தார். "நான்தான்ப்பா, தப்பா எண்ணிட்டேன்" என்றார்.

ஊர் திரும்பும் வழியில் என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்: "நீ வாயத் தொறக்காத. உன்னையக் காலம் பூராக் கிண்டல் பண்ணுவாக."

நான் வாழ்க்கையில் கேட்டு நடந்த ஒரே புத்திமதி அது.

அந்தக் காட்சியை யாரோ செல்போனில் எடுத்து, அது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். "என்ன மாப்ளே, முடியுமுன்னயே டாட்டா காட்டுனீகளாமே" என்று விசேஷ வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. நான் அதற்கும் மேலே போனேன். மைக்கை ஒரு கையில் பிடித்து, மறு கையை உயர்த்தி, அண்ணனைப் போலவே நடித்துக் காட்டுவேன். மண்டபமே சிரிக்கும். முன் வரிசையில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனும் சிரிப்பார். எத்தனை விசேஷங்களில் நடித்தேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அடுத்த வருடம், "பலகைக்கு வேற ஆளு வச்சுக்கிருங்கண்ணே" என்றேன்.

"அங்குட்டு எனக்கு யாரைத் தெரியும்? நீயே புடி."

ஏழாவது வந்தார், ஒன்பதாவது வந்தார். மூன்றாவது இடம் பிறகு அமையவில்லை. பிறகு அண்ணனுக்கு வயிற்று வலி என்று மதுரை மருத்துவமனைக்குப் போனோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மூட்டை தூக்கிய உடம்பை நான் ஒருவனே தூக்கித் திருப்பிப் படுக்கவைக்கும்படி ஆயிற்று. அப்போதும், "பாத்துடா, லாபம்னு எண்ணிக்கிட்டே தூக்கு" என்றார். நான் சிரித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், தைரியம் வந்து, "அண்ணே, அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "என் கணக்குல இன்னும் ஒரு ரவுண்டு இருந்துச்சு."

"பின்ன ஏண்ணே கையத் தூக்குனீக?"

"நீ காட்டுன. தம்பி சரியாத்தான் எண்ணியிருப்பான்னு நெனச்சேன்."

பிறகு தண்ணீர் கேட்டார்.

ஆகவே உறவினர்களே, நண்பர்களே, அண்ணனுக்கு எண்ணத் தெரியும். அந்தக் காட்சி உங்கள் செல்போனில் இன்னும் இருந்தால், அதில் உயர்ந்த கையைப் பார்க்காதீர்கள். சுவருக்கு மேல் ஓரத்தில் ஒரு பலகை தெரியும். அதைப் பிடித்திருப்பவனைப் பார்த்துச் சிரியுங்கள்.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடையை மூடவிடாமல் நடத்திய கடைப் பிள்ளைகளுக்கும், அந்தப் பழைய பைக்கை இன்றும் துடைத்து வைத்திருக்கும் பட்டறை நண்பருக்கும், அம்மா, அண்ணி, அண்ணன் மகள் சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அண்ணனுக்கு மகன் இல்லாததால் சுடுகாட்டில் நீர்க்குடம் சுமந்து மூன்று சுற்று வந்தவன் நான். தாய்மாமா என்னோடு நடந்து வந்தார். முதல் சுற்று முடிந்ததும் என் வாய் "லாபம்" என்றது. அப்படியே நின்றுவிட்டேன்.

"அதுவும் சேத்தித்தாம்ப்பா, நட" என்றார் மாமா.

மூன்றாவது முடிந்ததும் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவர் எண்ணியிராவிட்டால் நான் அண்ணனை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருப்பேன். மாமாவுக்கு என் நன்றி.

– தம்பி