கடைசி வயலில் உயிர்ச்சேதம்

நான் இங்கிலிஷ் படித்தது சங்கக்கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில். தெரியாத சொல்லை அகராதியில் தேடிக் கொப்பியில் எழுதுவேன். பக்கத்தில் அது வந்த செய்தியையும் எழுதுவேன். கப்பல் மூழ்கியது, ரயில் தடம் புரண்டது, சுரங்கம் இடிந்தது, இவைதான் என் பாடம். சடலத்துக்கு என்னிடம் மூன்று சொல் இருந்தன. 'தயவுசெய்து' என்று பத்திரிகையில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளையில் குடியேறி நாலாம் வருடம். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. எங்கள் முறை வரப் பத்து நாள் இருந்தது. அதற்குள் நெல்லெல்லாம் மணியில்லாத சப்பியாகிவிடும், வருடம் முழுக்கப் பட்டினிதான். வந்த கோபத்தில் நீர்ப்பாசன எஞ்சினியருக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

"தமிழில எழுதுங்கோவன். அவரும் எங்கட ஆள்தானே?" என்றாள் மனைவி.

"உமக்கு உதெல்லாம் விளங்காது."

நிலைமை மோசம், கஷுவல்டி, அதாவது உயிர்ச்சேதம், ஏராளம், தப்பியவர்கள் மீட்புக்குக் காத்திருக்கிறார்கள் என்று இங்கிலிஷில் விளாசினேன். நெல் என்ற பேச்சே அதில் வரவில்லை. இங்கே நெல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது, எஞ்சினியருக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. எஞ்சினியர், இரண்டு பொலிஸ்காரர், மருந்துப் பெட்டியோடு ஓர் அப்போதிக்கரி.

"எங்கை கஷுவல்டியள்?" என்றார் எஞ்சினியர்.

வயலைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. பொலிஸ்காரர் சிரித்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நிலம் பிளந்துதான் கிடந்தது, நான் நுழையத்தான் இடம் போதாது.

மனைவி ஒரு நெற்கதிரை முறித்து வந்து அவரிடம் நீட்டினாள். "பிதுக்கிப் பாருங்கோ ஐயா. பால் இல்லை."

ஒரு மணியைப் பிதுக்கினார். இன்னொன்றை. பிறகு வரம்பிலிருந்து இறங்கி வயலின் நடுப்பகுதி வரை நடந்தார். திரும்பி வந்து ஜீப்பின்மேல் என் மனுவை விரித்து, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்து வைத்தார். எட்டிப் பார்த்தேன். 'கன்ஃபர்ம்ட்'. உறுதிப்படுத்தப்பட்டது. என் கொப்பியில் அதற்கு நேரே மூழ்கிய கப்பல் ஒன்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் கொப்பியில் கப்பலை வெட்டிவிட்டு எங்கள் வயலை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வாய்க்கால் சலசலத்தது.

"இஞ்சேருங்கோ," மனைவி வரம்பிலிருந்து கத்தினாள், "உங்கட கஷுவல்டியள் தண்ணி குடிக்குதுகள். வந்து பாருங்கோ!"