தங்கமீன் தொட்டியும் கெங்கவல்லி அத்தையும்

என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

விடிந்ததும் கோழிக் கொட்டகைக்குள் முதல் ஆளாக நுழைந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். மூக்குக்கு எட்டும் முன்பே கண்ணைக் கரிக்கும். தரையில் பரப்பிய கடலைத் தோலில் கோழி எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்பும் நெடி அது. எங்கள் வீட்டில் அதற்குக் "காரம்" என்று பெயர். "காரம் ஏறிருச்சு" என்று அப்பா சொன்னால் சாக்குப் படுதாக்களைச் சுருட்டிக் கட்டி, கடலைத் தோலைக் கிளறி, சுண்ணாம்பு தூவுவோம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்படி இரண்டு கொட்டகைகள் இருந்தன. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. "நோய்க்குக் காலு கெடையாது சாமி, யாரோட காலுலயோ ஏறித்தான் வரும்" என்பார் அப்பா. ஒரு கோழி செத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா உள்ள வந்தது யாரு?" அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்ததால், யாரையும் முதலில் சந்தேகப்பட்டுப் பிறகு சிரிப்பது எனக்கும் பழகிவிட்டது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, முட்டை வியாபாரி ஒருவர் வீட்டில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, தன் வீட்டு முன்னறையிலும் ஒன்று வேண்டும் என்று சேலத்துக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியும் எட்டுத் தங்கமீன்களும் வாங்கி, மீன் பையை ராசிபுரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். போர் தண்ணீரை நிரப்பி, அன்றைக்கே மீன்களை விட்டார். கோழித் தீவனத்தை இடித்துப் பொடியாக்கி, காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி போட்டார். தீனி மிச்சம் கிடந்தால்தான் உயிர் வளரும் என்பது கோழியில் அவர் கண்டது. தொட்டியில் வேறு யாரும் கைவிடக் கூடாது என்பது உத்தரவு.

ஐந்தாம் நாள், அப்பாவின் தங்கை, என் அத்தை, கெங்கவல்லியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். மாமாவுக்கு ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் தொழில், அதோடு குடியும் உண்டு. அத்தையின் இடது கண் வீங்கி இருந்தது. "இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்ணா" என்றார். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். நாங்கள் "ஊடு" என்பதை அத்தை "வீடு" என்றதைப் பிடித்துக்கொண்டு அம்மா என் காதில் விழும்படி முணுமுணுத்தார்: "அந்தப் பக்கம் போயி அம்மிணிக்கு ஊடு வீடாயிருச்சு. பொட்டியப் பாரு, நாலு நாளைக்கு வந்தவ பொட்டியாட்டமா இருக்குது?"

மறுநாள் காலையில் எட்டு மீன்களும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. துடுப்புகளில் ரத்தக் கோடு ஓடியிருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்று மிதந்தது, அடுத்த நாள் இரண்டு. அப்பா தொட்டிக்கு முன்னால் நின்று, கொட்டகையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "கடைசியா உள்ள வந்தது யாரு?" அம்மா சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா குஞ்சுகளுக்குக் கலக்கும் மருந்துப் பொடியைத் தொட்டியில் கொட்டினார். தண்ணீர் மஞ்சளானது. அதற்குப் பிறகு பத்து நாட்கள் ஒரு மீனும் சாகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா மருந்தின் பெருமையைச் சொன்னார். ஆனால் மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். யாரோ தொடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவே ஒருநாள் விடியலில் எழுந்து கதவிடுக்கில் நின்றேன். அத்தை சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார், குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல உள்ளே விட்டார், பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளையாக எதையோ போட்டுக் கையால் கலக்கினார்.

நேராக ஓடி அப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போது பெரிய ஆளாகிவிட்ட மிடுக்கு இருந்தது, மறைக்கவில்லை.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று அத்தையை நிறுத்திக் கேட்டார் அப்பா.

"நீங்க மருந்து போட்ட அன்னைலிருந்துதாண்ணா. மீனு மூச்சு வாங்குச்சு, அதான்…"

"தொடக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"மூச்சு வாங்கறது மீனா, நீயா அம்மிணி?" என்று அம்மா இடையில் புகுந்தார். "நல்லா இருக்கற ஊட்டுல நாலு உசுரு நிக்கறது பொறுக்கலையா?"

"நங்கையா, நான் எதுக்கு…" என்று அண்ணியிடம் தொடங்கிய அத்தை, எங்கள் மூவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வெள்ளையாகப் போட்டது என்ன என்று அப்பா கேட்கவே இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவே கூட்டிக்கொண்டு போய் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

மிச்சமிருந்த ஐந்து மீன்களும் மூன்றே நாளில் செத்தன. "போறப்ப வயிறெரிஞ்சு போனா, பாத்தீங்களா?" என்றார் அம்மா. அப்பா தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாக நான்கு மீன்கள் விட்டார். அவையும் ஒரு வாரத்தில் போயின. அந்த வாரம் வெளியாள் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அப்பா அந்தக் கேள்வியை அன்று கேட்கவில்லை. எனக்கு அது உறைத்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது அப்பாவின் சாவுக்குத்தான். வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் என் மகள் கேட்டாள் என்று நாமக்கல்லில் ஒரு கடையில் மீன்தொட்டி வாங்கினேன். கடைக்காரத் தம்பி ஒரு சின்ன மருந்துக் குப்பியையும் சேர்த்து நீட்டவும், தலையில் கட்டுகிறான் என்று நினைத்து, எதற்கு இது என்று கேட்டேன்.

"அம்மோனியா பாக்கறதுங்கண்ணா. புதுத் தொட்டில தண்ணிய எடுத்து ரெண்டு சொட்டு உட்டீங்கன்னா, அது இருந்தாப் பச்சையாயிரும். கழிவைத் தின்னு தீக்கற நுண்ணுயிரு தண்ணிக்குள்ள வளர ஒரு மாசம் ஆகுங்க. அதுவரைக்கும் மீனு போடற கழிவும் மிச்சத் தீனியுமே மீனைக் கொன்னுரும். தீனியக் கொறைங்க. தினமும் கால்வாசித் தண்ணிய மாத்துங்க. தொட்டியத் தேச்சுக் கழுவிராதீங்க, மருந்து கிருந்து கொட்டீராதீங்க. துவண்டு போச்சுன்னா கொஞ்சம் கல்லுப்பு. நீங்க என்ன தொழிலுங்கண்ணா?"

"கோழிப் பண்ணைங்க."

"அட போங்கண்ணா! கொட்டாயில கண்ணு எரியுதே, அதேதானுங்க இது. கோழிக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவன் சிரித்தான். எனக்கு அத்தையின் முந்தானை முடிச்சு கண்ணில் நின்றது.

மறு ஞாயிறு பழமும் மிக்சரும் வாங்கிக்கொண்டு கெங்கவல்லிக்குப் போனேன். மாமா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அத்தை தனியாக இருக்கிறார், இடது கண்ணில் பார்வை இல்லை. எப்போது போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காபி வந்து ஆறிப்போன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது: "அத்தை, அன்னிக்கு நீங்க தொட்டில போட்டது உப்புதானுங்களே?"

"உப்புதாஞ்சாமி. ஏரியில மீன் குஞ்சு மேல வந்து வாயப் பொளந்தா அதான் போடுவோம். வேறென்னன்னு நெனச்சே?"

"அப்பாகிட்டச் சொன்னது நானுங்க."

"தெரியும்." சற்று நேரம் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசங்கழிச்சு மீனப் பத்திப் பேச ஒருத்தன் பஸ் ஏறி வருவானா? தோட்டத்துப் பத்திரத்துல என் கையெழுத்து வேணுமாக்கும்? எடு சாமி, போட்டுத் தாரேன்."

இல்லவே இல்லை என்றேன். பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினேன். துண்டும் தண்ணீர்ப் புட்டியும் விழுந்தன. அத்தை சிரித்தார், ஆனால் நம்பவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும், "பேனா மறந்துட்டியா?" என்று கேட்டார்.

இப்போது எங்கள் தோட்டத்தில் கடலைத் தோல் பரப்பிய கொட்டகை கிடையாது, எல்லாம் கம்பிக் கூண்டு. சாக்குப் படுதா இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. ஆனால் அத்தை சொன்ன பத்திரம் உண்மையிலேயே என் பீரோவில் இருக்கிறது. அப்பா எழுதி வைத்தது, அத்தை பங்கை விட்டுக்கொடுத்ததாக. கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. பஸ் ஏறியபோது அது என் நினைவில் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதை நானே முழுதாக நம்பவும் இல்லை. ஒன்று மட்டும் தீர்மானம். அந்தத் தாளை அத்தையிடம் நீட்டப் போவதில்லை. அவர் பங்கு அவருக்கே இருக்கட்டும்.

கார்த்திகை மாதம் பத்தாம் நாள், புதன்கிழமை.